முதல் கடல்நீர்ப் பவளத் தொட்டி: கருவிகளை எந்த வரிசையில் தேர்ந்தெடுப்பது

பவளத் தொட்டி வைக்க விரும்பும் புதியவர் பெரும்பாலும் முதலில் வாங்குவது விளக்கு, அடுத்து தொட்டி, அதன்பின் மீன். நீரைச் சுத்திகரிக்கும் கருவியும் உப்பை அளக்கும் கருவியும் ஏதோ ஒன்று இறந்த பிறகுதான் வீட்டுக்கு வருகின்றன. இந்த வரிசையே பாதித் தோல்விக்குக் காரணம். ஒவ்வொரு கருவியின் அளவும் அதற்கு முன் தேர்ந்தெடுத்த ஒன்றைப் பொறுத்தது என்பதால், கீழே உள்ள வரிசையைத் தாளில் முழுவதுமாக முடித்துவிட்டு அதன் பிறகு கடைக்குச் செல்வது நல்லது.

தொடங்கும் முன் மூன்றை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்: தொட்டி நிற்கப்போகும் இடத்தின் நீள அகலம், அங்கிருந்து மின் இணைப்புக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் உள்ள தூரம், அந்த அறை ஆண்டின் மிக வெப்பமான வாரத்தில் எட்டும் வெப்பநிலை. கணக்குகளை எளிதாக்க, 100 செ.மீ. நீளமும் 50 செ.மீ. அகலமும் 50 செ.மீ. உயரமும் உள்ள ஒரு தொட்டியை இந்த வழிகாட்டி முழுவதும் எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

1. எந்தப் பவளம் என்பதை முடிவு செய்தல்

பவளங்களை வளர்ப்பவர்கள் மூன்று வகையாகப் பிரிப்பார்கள். காளான் பவளம், தோல் பவளம், சோவாந்திட் போன்ற மென்பவளங்கள் முதல் வகை. பெரிய சதைப்பற்றும் சுண்ணாம்பு எலும்பும் கொண்ட எல்பிஎஸ் இரண்டாம் வகை. சிறு சிறு வாய்களும் கிளைகளும் கொண்ட அக்ரோபோரா போன்ற எஸ்பிஎஸ் மூன்றாம் வகை. முதல் தொட்டிக்கு மென்பவளங்களும் ஓரிரு எல்பிஎஸ்களும் போதும்.

விளக்கின் வலிமை, நீரோட்டத்தின் வேகம், வேதிச் சோதனைகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் இந்த முடிவைப் பொறுத்தவை. இதை முடிவு செய்யாமல் நடுத்தரமாக எதையாவது வாங்குபவர், எந்தப் பவளத்துக்கும் சரியாகப் பொருந்தாத கருவிகளுடன் நிற்பார்.

2. தொட்டியும் அதைத் தாங்கும் மேசையும்

சிறிய தொட்டி எளிது என்ற எண்ணம் நன்னீர் வளர்ப்பிலிருந்து வருவது. கடல்நீரில் நிலைமை தலைகீழ். 40 லிட்டர் தொட்டியில் ஒரு நத்தை இறந்து அழுகினாலே அம்மோனியா உயரும். 200 லிட்டருக்கு மேற்பட்ட நீரில் அதே தவறு கரைந்து போய்விடும். மிகப் பெரிய தொட்டியோ உப்பு, விளக்கு, நீர் மாற்றம் என எல்லாச் செலவையும் பெருக்கும். 150 முதல் 300 லிட்டர் வரை புதியவருக்கு ஏற்ற அளவு.

உயரத்தைவிட அகலத்துக்கு முன்னுரிமை கொடுங்கள். 60 செ.மீ.க்கு மேல் ஆழமானால் அடித்தளத்தைக் கையால் எட்ட முடியாது. ஒளியும் அடிவரை குறைந்தே சேரும். அகலம் 50 செ.மீ. இருந்தால் பாறைக்குப் பின்னால் நீர் ஓட இடம் கிடைக்கும்.

பின்பக்கம் துளையிட்டு, மேலே வழியும் நீரைக் கீழே இறக்கும் ஓவர்ஃப்ளோ பெட்டி பொருத்தப்பட்ட தொட்டியையே தேடுங்கள். துளையில்லாத் தொட்டியில் விளிம்பின் மேலாக நீரை உறிஞ்சி இறக்கும் தொங்கு பெட்டிகளை மாட்டலாம். ஆனால் அவற்றின் உறிஞ்சல் ஒருமுறை அறுந்தால் கீழிருந்து பம்ப் ஏற்றும் நீர் முழுவதும் தொட்டியின் விளிம்பைத் தாண்டித் தரைக்கு வந்துவிடும்.

எடுத்துக்காட்டுத் தொட்டியின் கொள்ளளவு 250 லிட்டர். மேல் இடைவெளியையும் பாறையின் இடத்தையும் கழித்து, கீழே வைக்கும் சம்ப் என்னும் இரண்டாவது தொட்டியின் நீரைச் சேர்த்தால் உண்மையான நீர் ஏறத்தாழ 240 லிட்டர். இனி எல்லாக் கணக்குக்கும் இந்த 240தான் அடிப்படை. கண்ணாடி, பாறை, மணல், மேசை எல்லாம் சேர்ந்து எடை 400 கிலோவைத் தாண்டும். சாதாரண மேசையோ புத்தக அலமாரியோ இதைத் தாங்காது. மேசையின் மேற்பரப்பு ரசமட்டத்தில் சமமாக இருக்க வேண்டும். ஒரு மூலை சில மில்லிமீட்டர் தாழ்ந்தாலும் கண்ணாடி இணைப்பில் சுமை ஏறிக்கொண்டே இருக்கும்.

பழைய தொட்டி வாங்குபவர்கள், அதில் முன்பு செப்பு கலந்த மீன் மருந்து பயன்படுத்தப்பட்டதா என்று கேட்க வேண்டும். மீனைக் குணப்படுத்தும் அளவிலான செப்பு, பவளத்தையும் இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். விற்பவருக்கே தெரியவில்லை என்றால் அந்தத் தொட்டியோடு வரும் பாறையையும் மணலையும் ஏற்காதீர்கள்.

3. சம்ப்: மின்சாரம் நின்றதும் கீழே வரும் நீர்

சம்ப் என்பது தொட்டியின் கீழே மேசைக்குள் வைக்கப்படும் இரண்டாவது தொட்டி. மேலிருந்து வழியும் நீர் இதற்குள் இறங்கி, கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரும் ஹீட்டரும் உள்ள அறைகளைக் கடந்து, ரிட்டர்ன் பம்ப் மூலம் மேலேறுகிறது. கருவிகள் கண்ணில் படாமல் இருக்கும், நீரின் அளவு கூடும், மேல்தொட்டியின் நீர்மட்டம் மாறாமல் நிற்கும்.

புதியவர்கள் அதிகம் தவறுவது இதன் அளவில்தான். பம்ப் நின்றவுடன் ஓவர்ஃப்ளோவின் பற்களுக்கு மேல் நிற்கும் நீர் முழுவதும் கீழே இறங்கும். 100 × 50 செ.மீ. பரப்பில் 2.5 செ.மீ. நீர் என்றால் 12.5 லிட்டர், குழாய்களிலும் ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் தங்கியிருப்பது இன்னும் 4 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 70 × 35 செ.மீ. பரப்புள்ள சம்ப்பில் இந்த 16.5 லிட்டரும் சேர்ந்தால் மட்டம் ஏறத்தாழ 7 செ.மீ. உயரும். ஆகவே வழக்கமான ஓட்டத்தில் சம்ப்பின் மேல் 10 செ.மீ. காலியாக இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கு ரிட்டர்ன் குழாயின் வாய் நீர்ப்பரப்பை ஒட்டி இருந்தால் மட்டுமே பொருந்தும். என் முதல் தொட்டியில் அந்த வாயை நீருக்குள் ஒரு சாண் ஆழத்தில் வைத்திருந்தேன். பம்ப் நின்றதும் அதே குழாய் எதிர்த்திசையில் நீரை உறிஞ்சி இறக்கும் என்பதால், உறிஞ்சலை முறிக்கக் குழாயில் நீர்ப்பரப்பை ஒட்டி ஒரு சிறு துளையும் போட்டிருந்தேன். ஓர் இரவு மின்சாரம் போனபோது, மிளகு அளவிலான நத்தை ஒன்று சரியாக அந்தத் துளையில் ஒட்டிக்கொண்டிருந்தது. காலையில் தரையில் கணுக்கால் நனையும் அளவு நீர். துளையை நம்பாமல், குழாயின் வாயையே நீர்ப்பரப்புக்குக் கீழே 2 செ.மீ.க்குள் வைப்பதுதான் உறுதியான வழி. ஒருவழி அடைப்பானும் இங்கு முழு நம்பிக்கைக்கு உரியதன்று. அதன் இதழில் சுண்ணாம்புத் துகள் ஒன்று சிக்கினால் அது மூடாது.

ரிட்டர்ன் பம்ப் மணிக்கு மொத்த நீரை மூன்று முதல் ஐந்து முறை சுழற்றினால் போதும். எடுத்துக்காட்டில் 720 முதல் 1,200 லிட்டர். ஆனால் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் உயரமே இல்லாத நிலையில் அளந்தது. அதிகபட்சம் 3 மீட்டர் உயரம் ஏற்றக்கூடிய 2,500 லிட்டர் பம்ப், 1.3 மீட்டர் உயரத்தில் அதில் பாதியைச் சற்றுத் தாண்டியே தரும். ஆகவே பெட்டியின் எண்ணை விட்டு, உயரத்துக்கு ஏற்ற ஓட்டத்தைக் காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய டிசி பம்ப் கிடைத்தால் அதுவே நல்லது.

4. நீரும் உப்பும்

குழாய்நீரை நேரடியாகப் பயன்படுத்தக் கூடாது. அதில் உள்ள பாஸ்பேட், நைட்ரேட், சிலிக்கேட் ஆகியவை பாசிக்கு உணவு, செப்பு நஞ்சு. ஆவியாகும் நீருக்கு ஈடாக நாள்தோறும் ஊற்றுவதால் இவை தொட்டியில் சேர்ந்துகொண்டே போகும்.

குடிநீருக்கான ஆர்ஓ கருவி போதாது. ஆர்ஓ சவ்வைத் தாண்டி வரும் எஞ்சிய அயனிகளைப் பிடிக்கும் டிஐ பிசின் அடுக்கும் வேண்டும். மேலும் குடிநீர்க் கருவிகள் பலவற்றில் சுவைக்காகத் தாதுக்களை மீண்டும் சேர்க்கும் குப்பி ஒன்று கடைசியில் இருக்கும். அது நம் நோக்கத்துக்கு நேர் எதிரானது. நீரில் கரைந்துள்ளவற்றை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 0 காட்ட வேண்டும். அது 1, 2 என்று நகரத் தொடங்கினால் பிசினை மாற்றும் வேளை வந்துவிட்டது. நீர் வழங்குவோர் குளோரினுக்குப் பதில் குளோரமைன் சேர்க்கிறார்கள் என்றால், சாதாரணக் கரி வடிகட்டிக்குப் பதிலாக அதற்கென உள்ள வினையூக்கக் கரி தேவைப்படும்.

உப்பைப் பொறுத்தவரை, பவளத் தொட்டிக்கென விற்கப்படும் எந்த நல்ல கலவையும் போதும். லிட்டருக்கு ஏறத்தாழ 36 முதல் 40 கிராம் பிடிக்கும். 240 லிட்டருக்கு 9 கிலோ அளவில் வரும். தனி வாளியில், சிறு பம்ப் ஓட, நீரில் உப்பைக் கொட்டிக் கலக்க வேண்டும். உப்பை முதலில் கொட்டி அதன்மேல் நீரை ஊற்றினால் கால்சியம் வெண்படலமாகப் பிரிந்து அடியில் படிந்துவிடும்.

உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35 பங்கு, அதாவது 25 டிகிரி செல்சியஸில் ஒப்படர்த்தி 1.026க்கு அருகில் இருக்க வேண்டும். முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை வாங்காதீர்கள். முள்ளில் ஒட்டும் ஒரு காற்றுக்குமிழி அதை மேலே தூக்கி, இல்லாத உப்பைக் காட்டும். ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள், அதோடு 35 அளவுத் திருத்தக் கரைசலையும் வாங்குங்கள். தூயநீரில் 0 வைத்துத் திருத்துவது வழக்கமாகச் சொல்லப்படுகிறது. ஆனால் இக்கருவிகள் பலவும் சமையல் உப்புக் கரைசலுக்கு அளவிடப்பட்டவை என்பதால், அப்படித் திருத்தினால் கடல்நீரில் ஒன்றிரண்டு அலகு பிழை வரலாம்.

5. நீரோட்டம்

பவளம் நகராது. உணவையும் ஆக்சிஜனையும் கொண்டுவந்து, அது வெளிவிடும் சளியையும் கழிவையும் அகற்றுவது நீரோட்டமே. இதை ரிட்டர்ன் பம்ப் மட்டும் செய்துவிடாது. தொட்டிக்குள் தனியாகப் பவர்ஹெட்கள், அதாவது நீரைத் தள்ளும் சிறு பம்ப்கள், வேண்டும்.

மென்பவளத்துக்கு மணிக்கு மொத்த நீரைப்போல் 10 முதல் 20 மடங்கு, எஸ்பிஎஸ் எனில் 30 மடங்குக்கு மேல் என்பது நடைமுறைக் கணக்கு. நம் 240 லிட்டருக்கு, மணிக்கு 4,000 லிட்டர் வரை வேகம் மாற்றக்கூடிய இரண்டு பவர்ஹெட்களை எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்துப் பாதி வேகத்தில் தொடங்கலாம். வலிமையான ஒன்றைவிட மிதமான இரண்டு நல்லவை; ஒன்று நின்றாலும் மற்றொன்று ஓடும். நேராக ஒரே பவளத்தின்மீது பாயும் ஓட்டம் அதன் சதையை எலும்பிலிருந்து பிய்த்துவிடும்; எதிர்க் கண்ணாடியிலோ மற்ற ஓட்டத்திலோ மோதிச் சிதறும்படி திருப்பி வையுங்கள்.

6. வெப்பநிலை

25 முதல் 26 டிகிரி செல்சியஸ் இலக்கு. ஹீட்டருக்கு லிட்டருக்கு 1 வாட் என்பது தாராளமான கணக்கு. 240 லிட்டருக்கு 300 வாட் ஒன்றை வாங்காமல் 150 வாட் இரண்டாக வாங்குங்கள். ஹீட்டர்கள் பழுதாகும்போது பெரும்பாலும் அணையாமல் எரிந்துகொண்டே நின்றுவிடும். 300 வாட் அப்படி நின்றால் ஓரிரவில் தொட்டியே வெந்துவிடும். 150 வாட் நின்றால் நீங்கள் கவனிக்க நேரம் கிடைக்கும்.

இரண்டையும் தனி வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றின் வழியே இணைத்து அதில் 25.5 என்று வையுங்கள். ஹீட்டர்களின் சொந்தத் திருகை 27இல் வைத்தால், வெளிக் கருவி ஒட்டிக்கொண்டாலும் அதற்குமேல் ஏறாது.

அறை சூடாக இருப்பவர்களுக்குச் சிக்கல் மறுபக்கத்தில் உள்ளது. நீர்ப்பரப்பில் ஊதும் சிறு மின்விசிறி ஆவியாதலின் மூலம் 2 முதல் 4 டிகிரி வரை குறைக்கும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் இது பலிக்காது. அங்கே நீரைக் குளிர்விக்கும் சில்லர்தான் வழி. சில்லரை மூடிய மேசைக்குள் வைப்பது வீண் செலவு. அது வெளியேற்றும் வெப்பம் சம்ப்புக்கே திரும்பும்.

7. ஆவியான நீரைத் தானாக நிரப்பும் ஏற்பாடு

ஏடிஓ என்று அழைக்கப்படும் இதைப் பலர் வசதிக்கான கருவி என்று எண்ணிக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். முதல் நாளிலிருந்தே தேவைப்படும் கருவி இது.

ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். நாளொன்றுக்கு 4 லிட்டர் ஆவியானால் ஐந்து நாளில் 240 லிட்டர் 220 ஆகும். உப்புத்தன்மை 35இலிருந்து 38ஐத் தாண்டும். வார இறுதியில் ஒரேயடியாக 20 லிட்டர் தூயநீரை ஊற்றினால் மீண்டும் 35க்கு விழும். இந்த ஏற்ற இறக்கத்தை மீன் பொறுத்துக்கொள்ளும், பவளம் வாய்மூடிக்கொள்ளும். பவளம் விரியவில்லை, விளக்கு போதவில்லையா என்று என்னிடம் கேட்டவர்களின் தொட்டிகளில் பாதிக்குமேல் காரணம் இதுவாகவே இருந்தது.

இரண்டு உணரிகள் உள்ள ஏடிஓவை வாங்குங்கள்; ஒன்று இயக்கும், மேலே உள்ள மற்றொன்று தவறு நேர்ந்தால் நிறுத்தும். அதன் நீர்க்கலம் 20 லிட்டர் அளவில் இருக்கட்டும். உணரி இரண்டும் கெட்டு 20 லிட்டரும் உள்ளே போனால்கூட உப்புத்தன்மை 32 அளவில் நிற்கும், தொட்டி பிழைக்கும். ஏடிஓவை ஆர்ஓ குழாயுடன் நேரடியாக இணைப்பவருக்கு அந்த எல்லை கிடையாது. வழக்கமான ஓட்டத்தில் விட்டுவைக்கச் சொன்ன 10 செ.மீ. காலியிடம் அன்றைக்கும் கொஞ்சம் கைகொடுக்கும்.

8. ஸ்கிம்மர்

மீன்கழிவில் உள்ள கரிமப் பொருள்கள் பலவற்றின் ஒரு முனை நீரை விரும்பும், மறுமுனை விலக்கும். நுண்குமிழிகளின் பரப்பில் அவை ஒட்டிக்கொண்டு நுரையாக ஏறி மேற்கிண்ணத்தில் சேர்கின்றன. அழுகி நைட்ரேட் ஆகும் முன்பே கழிவு வெளியேறுகிறது என்பதுதான் இதன் சிறப்பு.

பெட்டியில் உள்ள லிட்டர் எண் குறைந்த மீன்கள் உள்ள தொட்டிக்கானது. உண்மையான நீர் அளவைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு எண் உள்ளதை எடுங்கள். அதற்கு மேலும் பெரிதாக எடுத்தால், கழிவு போதாமல் நுரை நிலைத்து நிற்காது.

சம்ப்பின் ஸ்கிம்மர் அறையில் நீரின் ஆழம் மாறாமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு மாதிரிக்கும் அதன் ஏட்டில் ஒரு ஆழம் குறிக்கப்பட்டிருக்கும். ஆகவே சம்ப் செய்யக் கொடுப்பதற்கு முன் ஸ்கிம்மரைத் தேர்ந்துவிட்டு, தடுப்புக் கண்ணாடியின் உயரத்தை அதற்கேற்பச் சொல்லுங்கள். புதிய ஸ்கிம்மர் முதல் வாரத்தில் கண்டபடி பொங்கும், அல்லது நுரையே தராது. உள்சுவரில் படலம் படியும்வரை அப்படித்தான். தினமும் திருகிக்கொண்டிருக்க வேண்டாம்.

9. பாறையும் மணலும்

உலர்பாறையில் பூச்சிகள் வாரா. ஆனால் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா குடியேற நாளாகும். அவை ஏற்கெனவே குடியேறிய உயிர்ப்பாறை விரைவாகச் செயல்படும். வேண்டாத விருந்தாளிகளையும் கொண்டுவரும். உலர்பாறையை அடித்தளமாக வைத்து, நம்பகமான தொட்டியிலிருந்து கையளவு உயிர்ப்பாறை ஒன்றைச் சேர்ப்பது என் வழக்கம். பாறையை மணலின் மேல் வைக்காதீர்கள். முதலில் கண்ணாடியில் பாறை, பிறகு மணல். மணலைத் தோண்டும் மீன் பாறையைச் சாய்த்துவிடும். மணல் அரகோனைட் வகையாக, 3 செ.மீ. உயரத்துக்கு இருந்தால் போதும்.

10. விளக்கு

விளக்கைக் கடைசியில் வாங்கச் சொல்வதற்குக் காரணம், பாக்டீரியா பெருகி அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றத் தொடங்கும் நைட்ரஜன் சுழற்சி நடக்கும் முதல் நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு அது தேவையே இல்லை என்பதுதான். அப்போது எரியும் விளக்கு பாசியைத்தான் வளர்க்கும்.

வாட் கணக்கால் எல்இடியை ஒப்பிட முடியாது. பவளத்தின் திசுவில் வாழும் நுண்பாசிகள் பயன்படுத்தக்கூடிய ஒளியைக் குறிக்கும் அளவின் பெயர் பார் (PAR). மென்பவளத்துக்கு 50 முதல் 100, எல்பிஎஸ்ஸுக்கு 75 முதல் 150, எஸ்பிஎஸ்ஸுக்கு 200 முதல் 350 என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் வரம்பு. தயாரிப்பாளர் வெளியிடும் பார் வரைபடத்தில் நடுப்புள்ளியை மட்டும் பார்த்து ஏமாறாமல், ஓரங்களில் எவ்வளவு என்று பாருங்கள். 60 × 60 செ.மீ. பரப்பும் விளக்கு ஒன்றை 100 செ.மீ. தொட்டிக்கு வைத்தால் இரு முனைகளும் இருளும், இரண்டு தேவை.

குறைவான ஒளியில் பவளம் மெல்லப் பழுப்பாகும்; அதைத் திருத்த நேரம் உண்டு. மிகுந்த ஒளியில் சில நாளிலேயே வெளுத்துவிடும். எஸ்பிஎஸ்ஸுக்கான விளக்கை முழு வலிமையில் எரியவிட்டு, அதன் நேர்க்கீழே காளான் பவளங்களை வைத்த நண்பர் ஒருவர், அவை சுருங்கியதைக் கண்டு ஒளி போதவில்லை என்று எண்ணிப் பாறையின் உச்சிக்கு நகர்த்தினார். நான்காம் நாள் அவை பாறையை விட்டுக் கழன்றுவிட்டன. பாதி வலிமையில் தொடங்கி, ஒரு மாதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு மெல்ல ஏற்றுங்கள். நாளுக்கு 8 முதல் 10 மணி நேரம் போதும்; டைமர் இல்லாத விளக்கு வேண்டாம்.

11. சோதனைக் கிட்டுகள்

முதல் மாதத்துக்கு அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட். பவளம் வந்த பிறகு கேஹெச் எனப்படும் காரத்தன்மை, கால்சியம், மெக்னீசியம், பாஸ்பேட். இலக்குகள்: கேஹெச் 8 முதல் 9, கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மி.கி.; மெக்னீசியம் 1,250 முதல் 1,350 மி.கி. எல்லாவற்றையும் முதல் நாளே வாங்கினால் பின்னவை காலாவதியாகிவிடும். பாஸ்பேட்டுக்கு மட்டும் நிறம் ஒப்பிடும் அட்டையைத் தவிர்த்து டிஜிட்டல் ஃபோட்டோமீட்டர் வாங்குவது தகும், 0.03க்கும் 0.1க்கும் உள்ள நீல வேறுபாட்டைக் கண் பிரித்தறியாது.

12. மின் இணைப்பும் வெள்ளோட்டமும்

எல்லா இணைப்பும் மின்கசிவு கண்டால் துண்டிக்கும் ஆர்சிடி வழியே போக வேண்டும். ஒவ்வொரு வயரும் சொருகும் இடத்துக்குக் கீழே தொங்கி மேலேறும்படி ஒரு வளைவு விடுங்கள். வயரில் வழியும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும். பல்பிளக் பலகையைச் சம்ப்புக்கு மேலேயோ தரையிலோ வைக்க வேண்டாம்.

உப்பு சேர்க்கும் முன் வெறும் நீரால் நிரப்பி ஒருநாள் முழுதும் ஓட்டுங்கள். பிறகு பிரதான சுவிட்சை அணைத்து, சம்ப்பின் மட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்து அந்த இடத்தில் கோடு போடுங்கள். மீண்டும் இயக்கி, எல்லாம் தானாகத் தொடங்குகிறதா என்று பாருங்கள். இதை மூன்று முறை செய்யுங்கள். ரிட்டர்ன் குழாயில் துளை போட்டிருந்தால், ஒருமுறை அதை வேண்டுமென்றே விரலால் அடைத்துக்கொண்டு செய்யுங்கள்.

மின்வெட்டுக்கு, பேட்டரியில் ஓடும் சிறு காற்றுப் பம்ப் ஒன்று மேசைக்குள் இருக்கட்டும். மணிக்கணக்கில் நீர் அசையாமல் நின்றால் மீன்கள் முதலில் இறப்பது ஆக்சிஜன் இன்மையால்தான், குளிரால் அன்று.

13. இப்போது வாங்க வேண்டாதவை

கால்சியம் ரியாக்டர், ஓசோன் கருவி, புறஊதா விளக்கு, தொட்டி முழுவதையும் கைபேசியில் காட்டும் கட்டுப்பாட்டகம் ஆகியவற்றைத் தள்ளிப்போடுங்கள். அந்தப் பணத்தில் புதிய மீன்களைத் தனியாக வைத்துப் பார்க்க ஒரு 40 லிட்டர் தொட்டியும் பஞ்சு வடிகட்டியும் வாங்கலாம். வெண்புள்ளி நோய் பவளத் தொட்டிக்குள் நுழைந்துவிட்டால் அங்கே செப்பு மருந்து இடவே முடியாது.

பவளம் எடுத்துக்கொள்ளும் தாதுக்களைச் சிறிது சிறிதாக ஊற்றும் டோசிங் பம்ப் எப்போது தேவை என்பதைத் தொட்டியே சொல்லும். கேஹெச்சை இரண்டு நாள் இடைவெளியில் ஒரே நேரத்தில் அளந்து குறித்துவாருங்கள். வாராந்திர நீர் மாற்றம் அதை ஈடுகட்டும்வரை எதுவும் வேண்டாம், நாளுக்கு 0.5 அளவில் குறையத் தொடங்கும் வாரத்தில் அதை வாங்கிக்கொள்ளலாம்.